வாளியில் 84 மி.மீ., பேப்பரில் 46 மி.மீ.: எது சரி?

விளைக்காரன் (சுங்கான்கடை, கன்னியாகுமரி மாவட்டம்), சனி காலை 10:25

எல்லாருக்கும் வணக்கம். மழை அளப்பதைப் பற்றி ஒரு சந்தேகம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் பிடித்த மழை ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. வேலையெல்லாம் முடிந்து மாடியில் ஒரு காலி பெயின்ட் வாளி கிடந்தது, அதை மழை தொடங்கும்போதே நிமிர்த்தி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் மகனுடைய ஸ்கேலை நேராக விட்டுப் பார்த்தேன். 8.4 செ.மீ. தண்ணீர். அதாவது 84 மி.மீ. கனமழைதான் என்று குடும்பக் குழுவில் எழுதினேன்.

இன்று பேப்பரைப் பார்த்தால் எங்களுக்குப் பக்கத்து நிலையத்தில் 46 மி.மீ. என்று போட்டிருக்கிறது. செல்போனில் இருக்கும் வானிலை ஆப்பில் 12 மி.மீ. என்கிறது. ஒரே மழைக்கு மூன்று கணக்கா?

வெறும் ஆர்வத்துக்காக மட்டும் கேட்கவில்லை. 30 சென்ட் விளையில் ஏத்தன் வாழை நிற்கிறது. புதன்கிழமைதான் உரம் வைத்தேன். 84 பெய்திருந்தால் யூரியா பாதி கரைந்து போயிருக்கும், மறுபடி வைக்க வேண்டும். 46 என்றால் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கணக்கை நம்புவது?

வடசேரி வாத்தியார், சனி காலை 10:51

மக்கா, அந்த வாளி மேலிருந்து அடிவரை ஒரே அகலமா, இல்லை அடி குறுகியதா? வாய் விட்டம், அடி விட்டம், உயரம் மூன்றையும் உள்பக்கமாக அளந்து எழுது. மற்றதை அப்புறம் பேசலாம்.

விளைக்காரன், சனி காலை 11:10

சார், வாய் 30 செ.மீ., அடி 22 செ.மீ., உயரம் 30 செ.மீ. அடி குறுகியதுதான்.

வடசேரி வாத்தியார், சனி காலை 11:48

விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1 மி.மீ. மழை என்றால், பெய்த தண்ணீர் ஓடாமல், மண்ணில் ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் தரைக்கு மேல் 1 மி.மீ. உயரம் நிற்கும் என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டருக்கு அது சரியாக 1 லிட்டர். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

உன் வாளி மழையைப் பிடிப்பது 30 செ.மீ. அகலமுள்ள வாயால். பிடித்த தண்ணீர் போய் நிற்பதோ 22 செ.மீ. அகலமுள்ள அடியில். அகலமான இடத்தில் வாங்கிக் குறுகலான இடத்தில் நிறுத்தினால் மட்டம் ஏறத்தானே செய்யும்.

கணக்கு இதோ. 8.4 செ.மீ. உயரத்தில் வாளியின் ஆரம் சுமார் 12.1 செ.மீ., அடியில் 11 செ.மீ. அதுவரை உள்ள கொள்ளளவு சுமார் 3,530 கன செ.மீ., அதாவது மூன்றரை லிட்டர். வாயின் பரப்பு 15 × 15 × 3.14, சுமார் 707 சதுர செ.மீ. 3,530-ஐ 707-ஆல் வகுத்தால் 4.99 செ.மீ. ஆக உன் மாடியில் பெய்தது 50 மி.மீ.

வாளியைச் சாய்க்காமல் தண்ணீரை அப்படியே அளவுக்குவளையால் மொண்டு எத்தனை மில்லி என்று பார்த்திருந்தால் ஸ்கேலே வேண்டாம். மில்லியை வாயின் பரப்பால் வகுத்தால் செ.மீ. வந்துவிடும். பாத்திரத்தின் உடம்பு எந்த வடிவமாக இருந்தாலும் கவலையில்லை, வாய் மட்டும்தான் கணக்கு.

இன்னொன்று. 1 சென்ட் 40.47 சதுர மீட்டர். உன் 30 சென்டில் 50 மி.மீ. என்றால் ஏறக்குறைய 60,700 லிட்டர் விழுந்திருக்கிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்து லோடு. வாழைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை இந்தக் கண்ணில் பார்த்தால்தான் விளங்கும்.

விளைக்காரன், சனி மதியம் 12:05

சார், மிகவும் நன்றி. டேங்கர் கணக்கு நன்றாக மனதில் ஏறிவிட்டது. இப்போது 50-க்கும் 46-க்கும் இடையில் உள்ள 4 எங்கே போனது?

எட்டரை மணி, சனி மதியம் 1:30

தம்பி, நான் பல வருடம் ஓர் அலுவலகத்தில் மழைமானி பார்த்தவன். அந்த 4 மி.மீ.க்கு என் பெயரிலேயே பதில் இருக்கிறது.

நம் நாட்டில் மழைக்கணக்கு நாள் நள்ளிரவில் தொடங்காது. காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை ஒரு நாள். உலக நேரக் கணக்கில் அது 3 மணி. வெள்ளி 8:30-க்கு அளந்ததுதான் சனிக்கிழமை பேப்பரில் வருகிறது. நீங்கள் பத்து மணிக்கு அளந்தீர்கள். வெள்ளிக்கிழமை 8:30-க்கும் பத்துக்கும் நடுவில் எங்கள் பக்கம் நல்ல தூறல் இருந்தது. அந்தத் தூறல் உங்கள் வாளியில் வெள்ளியோடு சேர்ந்துவிட்டது, நிலையத்தில் அது அடுத்த நாள் கணக்கு. அதோடு உங்கள் வீட்டுக்கும் அந்த நிலையத்துக்கும் சில கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. மழையில் அந்தத் தூரத்துக்கு 4 மி.மீ. வித்தியாசம் மிகச் சாதாரணம். 50, 46 இரண்டும் சரி என்றே நான் சொல்வேன்.

மாடியில் வைத்தது பற்றி ஒரு வார்த்தை. மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி நடுவார்கள். மேலே போகப் போகக் காற்று கூடும், காற்று துளியை வாய்க்கு வெளியே தள்ளிவிடும், அளவு குறையும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தென்னை ஓலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மழைக்கணக்கில் வரவே கூடாது.

நான் பார்த்த ஒரு தவறையும் சொல்கிறேன். கண்ணாடியிழை மழைமானியில் வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ. உள்ளதும் உண்டு, 200 சதுர செ.மீ. உள்ளதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுக்குவளை. 100-க்கான குவளையில் 10 மில்லி ஊற்றினால் 1 மி.மீ. கோடு. 200-க்கான குவளையில் அதே கோட்டுக்கு 20 மில்லி வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை குவளை உடைந்தது. புதிதாக வந்ததை யாரும் சரிபார்க்கவில்லை. 200 மானியின் தண்ணீரை 100-க்கான குவளையில் ஊற்றி வாசித்தோம். எட்டு நாள் மழை இரண்டு மடங்காகப் பதிவாகிவிட்டது. பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அந்த எட்டு நாள் பக்கத்தைத் திருத்தி எழுதியது இன்றும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் யாரோ ஒருவர் குளத்து மடையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்திருப்பார்.

0.1 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் எண் போட மாட்டோம், நனைத்தது என்று மட்டும் குறிப்போம். 2.5 மி.மீ. எட்டினால்தான் அதற்கு ‘மழை நாள்’ என்று பெயர். கனமழை என்று சொல்ல 64.5 மி.மீ. வேண்டும். ஆகவே குடும்பக் குழுவில் திருத்திவிடுங்கள், நீங்கள் பெற்றது மிதமான மழை.

பால்வெட்டு (குலசேகரம் பக்கம்), சனி மாலை 3:15

அண்ணாச்சிமார் எல்லாம் நல்ல விளக்கமாகச் சொல்கிறீர்கள். ரப்பர் தோட்டத்துக்காரனாக ஒரு வருத்தத்தைச் சொல்லட்டுமா?

24 மணி நேரக் கணக்கு எங்கள் பிழைப்புக்குப் பாதிதான் உதவுகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு 50 மி.மீ. கொட்டினாலும் அன்றைய பால் எடுத்து முடிந்திருக்கும், நஷ்டமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வெறும் 5 மி.மீ. பெய்தால் பட்டை நனைந்துவிடும், அன்று வெட்டு கிடையாது. மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டாத மரமென்றால் அந்த நாள் கூலியே போச்சு. மொத்தம் எவ்வளவு என்பதைவிட எந்த மணியில் எவ்வளவு என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

அப்புறம், பேப்பரில் ‘மாவட்ட சராசரி மழை’ என்று ஒன்று போடுகிறார்கள். பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு என மலையடிவார நிலையங்களையும், கொட்டாரம், மயிலாடி, கன்னியாகுமரி என அந்தக் கரையில் உள்ளவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்துப் போடுகிற எண் அது. மேலே 90, கீழே 10 என்றால் சராசரி 50. அந்த 50 பெய்த ஊர் எது? தேடினாலும் கிடைக்காது.

எட்டரை மணி, சனி மாலை 4:02

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணிவாரியாக அறிய இப்போது தானியங்கி நிலையங்கள் உண்டு. உள்ளே சீசா பலகை மாதிரி இரண்டு சிறு கிண்ணம். ஒன்று நிரம்பினால் டக்கென்று சாய்ந்து கொட்டிவிடும், மற்றது மேலே வரும். கருவியைப் பொறுத்து ஒரு சாய்வுக்கு 0.2 அல்லது 0.5 மி.மீ. எத்தனை சாய்வு, எந்த நிமிடத்தில் என்று பதிவாகும். குறை என்னவென்றால், பேய்மழையில் கிண்ணம் சாய்கிற நேரத்தில் விழுவது கணக்கில் வராமல் கொஞ்சம் குறைத்துக் காட்டும். இலையோ எறும்புக்கூடோ அடைத்துக்கொண்டால் மழை பெய்யும்போதே பூஜ்யம் காட்டும்.

சராசரி விஷயத்தில் ஒரு மாற்று முறை இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு நிலப்பரப்புக்கு மிக அருகில் இருக்கிறது என்று வரைபடத்தில் பிரித்து, அந்தப் பரப்புக்குத் தக்க எடை கொடுத்துக் கூட்டுவது. தீசன் முறை என்பார்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரத்தில் மழை மாறுகிற நம் மாவட்டத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் எந்தச் சராசரியும் உங்கள் தோட்டத்து மழை ஆகாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தோவாளைப்பூ, சனி மாலை 4:40

நான் பூ வியாபாரம். பிச்சியும் மல்லியும் நனைந்தால் விலை போகாது, அதனால் தினமும் வானிலை அறிக்கை கேட்பேன். ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒருசில இடங்களில்’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வதா, இல்லை கணக்கு உண்டா?

எட்டரை மணி, சனி மாலை 5:05

கணக்கு உண்டு, அக்கா. அந்தப் பகுதியில் உள்ள நிலையங்களில் நூற்றுக்கு எத்தனை நிலையங்களில் மழை பதிவாகும் என்பதைத்தான் அந்தச் சொற்கள் சொல்கின்றன. கால்பங்கு வரைக்கும் ‘ஓரிரு இடங்களில்’. அதற்கு மேல் பாதிவரை ‘ஒருசில’. பாதிக்கு மேல் முக்கால்வரை ‘அநேக’. முக்காலுக்கு மேல் ‘பெரும்பாலான’. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்ற அன்று தோவாளை காய்ந்து கிடந்தால் அறிக்கை பொய்யாகிவிடாது.

கனமழை என்றால் அறிக்கையில் செ.மீ. கணக்கில் 7 முதல் 11 வரை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. அந்த எண் 24 மணி நேரத்துக்கு உரியது என்பதை மறக்காதீர்கள்.

‘இயல்பைவிட 30 சதவீதம் அதிகம்’ என்று வருவதும் அப்படித்தான். மழைக்கு இயல்பு என்பது 50 வருடச் சராசரி. இப்போது எடுத்துக்கொள்வது 1971 முதல் 2020 வரை. அதிலிருந்து 19 சதவீதம் கூடக்குறைய இருந்தால் இயல்பு என்றே எழுதுவார்கள்.

நேரா நிமிர்ந்தவன், சனி மாலை 6:20

நான் மாற்றுக்கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். செல்போனில் ஒரு தொடுதலில் எல்லாம் வருகிறது. மழை, வெயில், காற்று, ஈரப்பதம், நாளை, அடுத்த வாரம். வாளி, புனல், குவளை என்று இந்தக் காலத்தில் எதற்கு இவ்வளவு சிரமம்? நான் கட்டடக் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். கான்கிரீட் போடுகிற நாளை ஆப் பார்த்துத்தான் குறிக்கிறேன், பத்துக்கு ஏழு முறை சரியாக வருகிறது.

வடசேரி வாத்தியார், சனி மாலை 7:05

தம்பி, நாளைக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஆப் நல்ல துணை. நேற்று உன் மாடியில் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆப்பில் வருகிற 12 மி.மீ. பெரும்பாலும் எங்கும் அளக்கப்பட்டதல்ல. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று கணினி கணக்கிட்டுத் தருகிறது. கட்டத்தின் அகலம் 10, 20 கிலோமீட்டர்கூட இருக்கும். சுங்கான்கடையும் வேளிமலையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டால், மலையும் சமதளமும் அதற்கு ஒன்றுதான்.

அந்தக் கணினிக் கணக்கைச் சரிபார்க்கவே தரையில் அளந்த எண்தான் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்தில் வான்நோக்குக் கூடம் வைத்து வானிலையைக் குறித்து வந்தார்கள், அப்போது நம் பகுதி திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1850-களில் அந்தக் கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன் அகத்தியர் மலை உச்சிக்கே கருவிகளைக் கொண்டுபோனார். காட்டு வழியில், தலைச்சுமையில். உச்சியில் என்ன இருக்கிறது என்பதை அடிவாரத்தில் உட்கார்ந்து கணிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நேரா நிமிர்ந்தவன், சனி மாலை 7:30

சார் சொல்கிற வித்தியாசம் புரிகிறது. ஆனாலும் என் வேலைக்கு நாளை என்ன என்பதுதான் முக்கியம். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

உப்பளத்து வீடு (புத்தளம்), சனி இரவு 8:10

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்பளம். எனக்கு ஈரப்பதம் பற்றித்தான் கேட்க வேண்டும். காலையில் ஆப்பில் 94 சதவீதம், மத்தியானம் 66 என்று காட்டுகிறது. காலையில் காற்று அதிக ஈரமாகவும் மத்தியானம் உலர்ந்தும் இருப்பதாகத்தானே அர்த்தம்? ஆனால் மத்தியானம்தான் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது. பாத்தியில் நின்றால் தாங்க முடியவில்லை. எண் தலைகீழாக இருக்கிறதே?

வடசேரி வாத்தியார், சனி இரவு 9:20

அருமையான கேள்வி, அம்மா. இது பலருக்குக் குழப்பம் தருகிற இடம், அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

அரைப்படி அரிசியைச் சின்னச் செம்பில் போட்டால் நிறைந்துவிடும். அதே அரிசியைப் பெரிய பானையில் போட்டால் அடியில் கிடக்கும். அரிசி மாறவில்லை, பாத்திரம் மாறியது. காற்று சூடாகும்போது அதில் இருக்கக்கூடிய நீராவியின் உச்ச அளவு கூடுகிறது, அதாவது பாத்திரம் பெரிதாகிறது. ஆப் காட்டுகிற சதவீதம் பாத்திரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது மட்டும்தான். அரிசி எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை.

எண்ணோடு பார்க்கலாம். வானிலை நிலையத்தில் இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். ஒன்று சாதாரணம். மற்றதன் குமிழில் மெல்லிய மஸ்லின் துணி சுற்றி, திரி வழியாக எப்போதும் நனைந்திருக்கச் செய்வார்கள். துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று உலர்ந்திருந்தால் அதிகமாகக் குளிரும், ஈரமாக இருந்தால் கொஞ்சமாகக் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான்.

மத்தியானம் உலர்குமிழ் 32 டிகிரி, ஈரக்குமிழ் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 27 டிகிரியில் காற்று முழுக்க நிறைந்திருந்தால் நீராவியின் அழுத்தம் 35.6 ஹெக்டோபாஸ்கல். இதை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். இதிலிருந்து கழிக்க வேண்டியது: 0.0008 × காற்றழுத்தம் 1010 × வித்தியாசம் 5, ஏறக்குறைய 4. மீதி 31.6. காற்றில் உண்மையாக உள்ள நீராவி இதுதான், நம் அரிசி. 32 டிகிரியில் முழு நிறைவு 47.6. அதாவது 31.6 கீழ் 47.6, சதவீதத்தில் 66.

அதே 31.6 விடியற்காலையில் 26 டிகிரியில் இருந்தால்? அப்போது முழு நிறைவு 33.6 மட்டுமே. வகுத்தால் 94 சதவீதம். நீங்கள் ஆப்பில் பார்த்த இரண்டு எண்ணுக்கும் ஒரே காற்று போதும். ஒரு சொட்டு நீராவிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிசுபிசுப்பை அறிய சதவீதத்தைவிடப் பனிநிலையைப் பாருங்கள். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த டிகிரியில் பனித்துளி படியத் தொடங்குமோ அது. நம் கணக்கில் 25 டிகிரி, காலையிலும் அதே, மத்தியானமும் அதே. பனிநிலை 24, 25 என்றாலே நம் உடம்புக்குப் புழுக்கம்தான். மத்தியானம் வெயில் சேர்ந்து வியர்வை கூடுகிறது, அது காய வழியில்லாமல் தோலில் நிற்கிறது.

‘உணரும் வெப்பம்’ என்று ஆப் போடுவதும் இதிலிருந்துதான் வருகிறது. 32 டிகிரியும் 66 சதவீதமும் சேர்ந்தால் ஏறக்குறைய 39 என்று காட்டும். அமெரிக்காவில் 1979-இல் ஸ்டெட்மன் என்பவர் போட்ட கணக்கை ஒட்டியது. நிழலில், இளங்காற்றில் இருப்பவருக்கு உரிய எண் அது. வெயிலில் பாத்தியில் நிற்கிறவருக்கு அதைவிடக் கூடவே இருக்கும், அதனால் 39-ஐ நம்பி நிற்காதீர்கள், இடையிடையே நிழலுக்கு வாருங்கள்.

உப்பளத்து வீடு, சனி இரவு 9:55

சார், இத்தனை நாளும் அந்தச் சதவீதத்தைப் பார்த்து இன்று காயும், நாளை காயாது என்று தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் அப்பா காற்றைத்தான் பார்ப்பார். ஆரல்வாய்மொழிக் காற்று வறண்டு வீசினால் பாத்தி சீக்கிரம் வெள்ளை கட்டும் என்பார். ஆவியாவதை அளக்க ஏதாவது வழி இருக்கிறதா?

எட்டரை மணி, சனி இரவு 10:10

இருக்கிறது. 122 செ.மீ. விட்டம், 25 செ.மீ. ஆழம் உள்ள உலோகத் தொட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் காலையில் மட்டம் பார்ப்பார்கள். இடையில் மழை பெய்தால் அதையும் சேர்க்க வேண்டும். மட்டம் 2 மி.மீ. இறங்கியிருக்கிறது, 4 மி.மீ. மழையும் பெய்திருக்கிறது என்றால் ஆவியானது 6. ஆனால் அது நல்ல தண்ணீர்க் கணக்கு. உப்புத்தண்ணீர் அதைவிட மெதுவாகத்தான் ஆவியாகும், முற்ற முற்ற இன்னும் மெதுவாகும். உங்கள் அப்பாவின் காற்றுக்கணக்கு சரியான கணக்கு.

கடலோடி மகன் (முட்டம்), ஞாயிறு காலை 6:40

நிலத்துக் கணக்கைப் பேசுகிறீர்கள். கடல் கணக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 30. அன்று காலையில்தான் ஒக்கி கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலாக வலுத்தது. வள்ளங்களும் விசைப்படகுகளும் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தன. எங்கள் கரையில் திரும்பாதவர் இல்லாத ஊர் குறைவு. அதற்குப் பிறகு நான் எந்த அறிக்கையையும் எண் எண்ணாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். படித்ததில் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, அலை உயரம். ‘அலை 2.5 மீட்டர்’ என்று வந்தால் மிகப் பெரிய அலை 2.5 என்று நினைப்பவர் இன்றும் இருக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு நேரத்தில் வரும் அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கின் சராசரியை எடுக்கிறார்கள். அதுதான் 2.5. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இடையில் ஓர் அலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, 4.5 மீட்டருக்கும் மேல் எழும்பி வரும். வள்ளத்தைக் கவிழ்ப்பது சராசரி அலை இல்லை, அந்த ஒன்றுதான்.

இரண்டு, காற்றின் வேகம். அறிக்கையில் வருவது 10 மீட்டர் உயரத்தில், சில நிமிடச் சராசரி. புயலுக்கு நம் நாட்டில் 3 நிமிடச் சராசரி, அமெரிக்காவில் 1 நிமிடம். அதனால் ஒரே புயலுக்கு வெளிநாட்டு வலைத்தளத்தில் எண் கூடுதலாக இருக்கும். இடையே வருகிற வீச்சு தனி, ‘இடையிடையே 65 கிலோமீட்டர்’ என்பது அதுதான். நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வந்தால், கிலோமீட்டராக்க 1.852-ஆல் பெருக்குங்கள். 34 நாட் தொட்டால் புயல், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல்.

மூன்று, கள்ளக்கடல். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் வரும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த காற்று எழுப்பிய அலை நாள்கணக்கில் பயணப்பட்டு நம் கரைக்கு வருகிறது. அதற்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கை தரும்போது அலை உயரத்தோடு நொடிக்கணக்கும் போடுவார்கள். இரண்டு அலை முகட்டுக்கு இடையே உள்ள நேரம். 7 நொடி என்றால் பக்கத்துக் காற்றின் அலை. 17, 18 நொடி என்றால் தூரத்திலிருந்து வருகிற பலமான அலை, 1 மீட்டர் உயரம் என்றாலும் கரையில் ஏறும். உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், நொடியையும் பாருங்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது சொல்லிக் கொடுக்கிறேன்.

காற்றாடிக்கீழ் (முப்பந்தல்), ஞாயிறு காலை 8:15

அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

காற்றைப் பற்றி என் வேலையில் தெரிந்தது ஒன்று. காற்றாலையில் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் படியில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் உள்ள ஆற்றல் எட்டு மடங்கு. அதனால் சராசரி வேகத்தை மட்டும் வைத்து உற்பத்தி கணக்கிட முடியாது. பத்து மணி நேரம் ஒரே சீராக நொடிக்கு 6 மீட்டர் வீசுவதும், ஐந்து மணி நேரம் 12 வீசி ஐந்து மணி நேரம் ஓய்வதும் சராசரியில் ஒன்று. ஆற்றலில் இரண்டாவது நாலு மடங்கு.

திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. 350 டிகிரியும் 10 டிகிரியும் இரண்டுமே வடக்கை ஒட்டியவை. கூட்டி இரண்டால் வகுத்தால் 180, நேர் தெற்கு வந்துவிடும். அதனால் திசையை அம்புக்குறியாக எடுத்துத்தான் கூட்ட வேண்டும். எந்தத் திசை என்று சொன்னால் எங்கிருந்து வருகிறது என்பதுதான். வாடையும் கொண்டலும் போல.

தோவாளைப்பூ, ஞாயிறு காலை 9:00

வீட்டு வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி 41 காட்டுகிறது. செய்தியில் 34 என்கிறார்கள். இதற்கும் காரணம் இருக்குமே?

வடசேரி வாத்தியார், ஞாயிறு காலை 9:12

இருக்கிறது அம்மா. உங்கள் வெப்பமானி சுவரின் சூட்டைக் காட்டுகிறது. நிலையத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்த, காற்று புகுந்து போகும் சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஆள் நெஞ்சு உயரத்தில், நிழலில் வைப்பார்கள். வெயில் உள்ளே படாமல் இருக்கப் பெட்டியின் கதவு வடக்கு பார்த்திருக்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். ‘சராசரி வெப்பம்’ என்பது பெரும்பாலும் அன்றைய உச்சமும் குறைந்ததும் கூட்டி இரண்டால் வகுத்தது, 24 மணி நேரமும் பார்த்ததல்ல. எனக்கு அது கொஞ்சம் முரட்டுக் கணக்காகவே படுகிறது, ஆனால் நூறு வருடப் பதிவுகள் அப்படித்தான் இருப்பதால் ஒப்பிட அதுவே வசதி.

விளைக்காரன், செவ்வாய் காலை 8:47

எல்லாருக்கும் நன்றி. 50 மி.மீ. என்று தெரிந்ததும் உரம் மறுபடி வைக்கவில்லை. குருத்து நன்றாகப் பச்சையாகவே இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன்.

புது மழைமானி தயார். எண்ணெய்க் கடையில் வாங்கிய 20 செ.மீ. புனல், கீழே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், இரண்டையும் சாயாமல் நிறுத்த மணல் போட்ட ஒரு பழைய பானை. மாடியில் இல்லை, முற்றத்தில், தென்னையிலிருந்து நன்றாகத் தள்ளி. 10 × 10 × 3.14, 314 சதுர செ.மீ. ஆக 1 மி.மீ.க்கு 31.4 மில்லி. அளக்க என் மகளின் பழைய பால்பாட்டில், பக்கத்தில் மில்லிக்கோடு இருக்கிறது.

நேற்று ராத்திரி மழை. இன்று சரியாக 8:30-க்கு ஊற்றிப் பார்த்தேன். 565 மில்லி. 31.4-ஆல் வகுத்தால் 18 மி.மீ. சார், கணக்கு சரியா? வில்லுக்குறி, தக்கலை, குளச்சல் பக்கம் யாராவது இதே நேரம் அளந்தால் எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வடசேரி வாத்தியார், செவ்வாய் காலை 9:02

17.99. சரிதான் மக்கா, 18 என்றே எழுது. என் வீட்டில் 14.

பால்வெட்டு, செவ்வாய் காலை 9:20

இங்கே வாளியில் அளந்து, சார் சொன்ன மாதிரி மில்லியை வாய்ப்பரப்பால் வகுத்தேன். 37. மழை பிடித்தது ராத்திரி பத்தரைக்கு, இரண்டு மணிக்கு விட்டுவிட்டது. காலையில் பட்டை காய்ந்திருந்தது, வெட்டு நடந்தது.

கடலோடி மகன், செவ்வாய் காலை 9:41

முட்டத்தில் நான் வைக்கிறேன். கையில் இருக்கும் புனல் 15 செ.மீ. 1 மி.மீ.க்கு எத்தனை மில்லி?

விளைக்காரன், செவ்வாய் காலை 9:44

7.5 × 7.5 × 3.14. ஏறக்குறைய 17.7 மில்லி, அண்ணே.